உண்மையைச் சொன்னால் செலவு யாருக்கு?

"துணி மெஷின்ல ஓடிட்டு இருக்குதுங் மேடம்." பனியன் தொழிலில் இருக்கிற யாரிடமாவது இந்த வரியைச் சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள். சாயப்பட்டறைக்குப் போன் போட்டு நம்ம துணி என்ன ஆச்சு என்று கேட்டால் வருகிற பதில் பெரும்பாலும் இதுதான். துணி நிஜமாகவே மெஷினில் இருக்கலாம். நிட்டிங்கிலிருந்து வந்த ரோல் பிரிக்காமல் குடோனிலேயே கிடக்கலாம். ஓடி முடித்து, ஷேடு வராமல், மறுபடியும் சாயம் ஏற்றிக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் ஒரே பதில்.

திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பல வருடம் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு இப்போது ஒரு சின்ன பையிங் ஆபீஸில் இருக்கிறேன். அது என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம், வெளிநாட்டுக்காரர் கேட்பதை இங்கே சொல்வது, இங்கே நடப்பதை அவருக்குச் சொல்வது, இரண்டையும் அப்படியே சொன்னால் வேலை போய்விடும் என்பதால் நடுவில் கொஞ்சம் பதம் பார்த்துச் சொல்வது. நூல் வாங்குவதில் ஆரம்பித்து நிட்டிங், சாயம், காம்பேக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒரு டீ-ஷர்ட் ஊரை விட்டுப் போவதற்குள் எத்தனையோ கை மாறுகிறது, பாதி வேலை வெளியே ஜாப் ஒர்க்கில் நடக்கிறது, ஒவ்வொரு கையும் ஒரு தேதி சொல்கிறது. அந்தத் தேதிகளில் எதை நம்பலாம் எதை நம்பக் கூடாது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றே சொல்லலாம். உண்மை, நேர்மை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் டிசி புத்தகத்தையும் (சரக்கு கைமாறும்போது எழுதுகிற டெலிவரி சலான்) போனையும் வைத்துக்கொண்டு தெரிந்துகொண்டதுதான்.

பிடிபட்ட விஷயம் ஒன்றே ஒன்று. ஆள் நல்லவரா கெட்டவரா என்று பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாது. அந்த உண்மையைச் சொன்னால் அவருக்கு என்ன செலவாகும் என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். செலவு என்றால் ரூபாய் மட்டுமா, திட்டு வாங்குவது, அடுத்த ஆர்டர் கைவிட்டுப் போவது, நாலு பேர் முன்னால் தலைகுனிவது எல்லாமே செலவுதான். அதைக் குறைத்துக் கொடுத்தால் உண்மை வரும். குறைக்காவிட்டால் எப்பேர்ப்பட்ட மனிதரிடமிருந்தும் மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு சாயப்பட்டறையில் சூப்பர்வைசர் அண்ணா ஒருவர் இருந்தார். தங்கமான மனிதர், என் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து மொய் வைத்துவிட்டுப் போனவர். ஆனால் துணி விஷயத்தில் மட்டும் அவர் சொன்ன தேதியை நம்பிக் கட்டிங் டேபிளைக் காலியாக வைத்தால் அன்றைக்குக் கட்டிங் மாஸ்டரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அவர் நிலைமையையும் பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஏதாவது ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும், எல்லோரும் கேட்பது "எப்ப வரும்?" என்கிற ஒரே கேள்விதான், அதற்கு அவரால் உண்மையான பதில் சொல்லவே முடியாது, ஏனென்றால் சாய வேலை அப்படி. ரியாக்டிவ் சாயத்தில் டார்க் ஷேடு என்றால் முதலில் துணியைக் காய்ச்சி வெளுத்து, அப்புறம் உப்பும் சோடாவும் சேர்த்து 60 டிகிரியில் சாயம் ஏற்றி, ஒட்டாத சாயம் போகிற வரைக்கும் சோப்பிங் பண்ணி எடுக்க முக்கால்வாசி நாள் போய்விடும். எடுத்துப் பார்த்து ஷேடு கொஞ்சம் தப்பியிருந்தால் திரும்பவும் உள்ளே போகும். நடுவில் பாய்லர் நின்றால் அன்றைய கணக்கே போச்சு. "தெரியலீங்" என்று அவர் சொன்னால் நாங்கள் கத்துவோம், "நாளைக்குக் காலைல வந்துருமுங்" என்று சொன்னால் போனை வைத்துவிடுவோம். அவர் எதைச் சொல்வார்?

அதனால் நான் கேள்வியை மாற்றினேன். எப்ப வரும் என்று கேட்பதை விட்டுவிட்டு, "இப்ப எந்த ஸ்டேஜ்ல இருக்குதுங்ணா, பிளீச்சா, சாயம் போட்டாச்சா, சோப்பிங்கா? இன்னும் லோடே பண்ணலைன்னாலும் பரவால்லீங்ணா, சொல்லீருங்க, நான் வேற ஸ்டைலை டேபிள்ல ஏத்திக்கிறேன்" என்று கேட்க ஆரம்பித்தேன். நாளையைப் பற்றி யாரும் எதையும் சொல்லிவிடலாம். இப்போது கண் முன்னால் இருப்பதைப் பற்றிப் பொய் சொல்ல மனசு கொஞ்சம் கூசும், மெஷின் நம்பர், லாட் நம்பர் என்று விவரம் கேட்டால் இன்னும் கூசும். ஆனால் என் கேள்வியில் வேலை செய்தது அந்தக் கடைசி வரிதான். நீங்கள் உண்மையைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, எனக்கும் ஒரு வழி இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. "லோடு பண்ணலீங் மேடம், பொழுதோடதான் ஏத்துவோம்" என்று அவர் சொன்ன அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி, துணியே வந்து சேர்ந்திருந்தால்கூட வந்திருக்குமா தெரியவில்லை. ஒரே நிபந்தனை, சொன்னதை வைத்து அவரைக் குத்தக் கூடாது. என்னோடு வேலை பார்த்த ஒரு தம்பி இதே மாதிரி நயமாகக் கேட்டு உண்மையை வாங்கிக்கொண்டு நேராகப் பட்டறை முதலாளிக்குப் போன் போட்டு "உங்க ஆளே சொல்றாருங்" என்று ஏறிவிட்டான். அதற்கப்புறம் அவன் கம்பெனியை விட்டுப் போகிற வரைக்கும் அவனுடைய துணியெல்லாம் மெஷினிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

(சாக்குகளில் எனக்குப் பிடித்தது மாரியம்மன் நோம்பிக்கு ஆள் போய்விட்டது என்பது. பாதி நேரம் உண்மையாகவும் இருக்கும். கரன்ட் இல்லை என்பது இப்போது செல்லுபடியாவதில்லை, மாதாந்திரப் பராமரிப்புக்கு எந்த ஏரியாவில் என்றைக்கு நிறுத்துகிறார்கள் என்று முந்தின நாளே பேப்பரில் போட்டுவிடுகிறார்கள்.)

பொய்யைவிட அதிகம் நஷ்டம் பண்ணியது தாமதமாக வந்த உண்மை. எங்கள் சரக்கு பெரும்பாலும் லாரியில் தூத்துக்குடி போய் அங்கிருந்து கப்பல் ஏறும். கப்பலுக்கு ஒரு கட்-ஆஃப் உண்டு, அதற்குள் கன்டெய்னர் உள்ளே போகாவிட்டால் அடுத்த கப்பல்தான், பையர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விமானத்தில் அனுப்ப வேண்டும், அதற்கு ஆகிற வாடகை கப்பலைப்போலப் பல மடங்கு, அந்த ஆர்டரில் நினைத்த லாபம் மொத்தமும் அதிலேயே போய்விடும். தையலில் ஆள் பற்றவில்லை, இந்த வாரம் முடியாது என்பது பத்து நாள் முன்னாலேயே தெரிந்தால் சரக்கை இரண்டாகப் பிரித்து முடிந்ததை மட்டும் அனுப்பலாம், வெளியே கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஒரு பவர்டேபிள்காரரிடம் கொஞ்சம் பீஸ் கொடுக்கலாம், பையரிடம் ஒரு வாரம் கேட்டு வாங்கலாம். முந்தின நாள் தெரிந்தால் அழத்தான் முடியும். இரண்டு நாளும் சொன்னது ஒரே உண்மை.

நான் இருந்த கம்பெனியில் முதலாளி கத்துகிற ஆள். காலை மீட்டிங்கில் யார் முதலில் கெட்ட செய்தி சொல்கிறாரோ அவருக்குத்தான் அன்றைய பூசை. விளைவு என்ன ஆகும்? எல்லோரும் அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். நிட்டிங்கில் ஏற்கெனவே லேட் என்பது நிட்டிங்காரருக்குத் தெரியும், சாயம் லேட் ஆகும்போது பழி அங்கே போய்விடும் என்று வாயை மூடிக்கொள்வார். சாயத்துக்காரர் தையல் லேட் ஆகும் என்று காத்திருப்பார். பேக்கிங்குக்கு வரும்போது எல்லாம் சேர்ந்து பேக்கிங் இன்சார்ஜ் தலையில் விடியும். அதே கம்பெனியில் புதுசாக வந்த புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருவர், ஈரோட்டுக்காரர், அதிகம் பேச மாட்டார், ஒரு ஏற்பாடு செய்தார். லேட் ஆகும் என்று பதினோரு மணிக்குள் சொல்லிவிட்டால் கேள்வி கிடையாது, வழிதான் பேசுவோம். பதினோரு மணிக்கு மேல் வேறு யார் வாயிலாகவோ தெரிய வந்தால் அப்போது பேச்சு வேறு. முதல் மாதம் யாரும் நம்பவில்லை. அப்புறம் ஒரு பிரிண்டிங் பையன் தயங்கித் தயங்கி வந்து ஸ்கிரீன் கிழிந்துவிட்டது என்றான், அவர் "சரி, மாத்து ஸ்கிரீன் எப்பக் கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு வரி ஃப்ளோர் முழுக்கப் பரவியது. அதைப் பார்த்த பிறகு என் பிள்ளைகள் மார்க் ஷீட்டை நீட்டும்போதும் முதலில் என்ன கேட்கிறேன் என்பதில் கவனமாக இருக்கிறேன், அதில் எப்போதும் ஜெயிக்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு வகை உண்டு, இரண்டு பேருமே உண்மையைச் சொல்லிக்கொண்டு சண்டை போடுவது. ஒரு கருநீல டீ-ஷர்ட். பாடியும் கழுத்துப் பட்டைக்குப் போடுகிற ரிப் துணியும் ஒரே ஷேடு என்கிறார் சாயப்பட்டறைக்காரர், கழுத்து ரிப் சிவப்படிக்கிறது என்கிறார் பையர் ஆபீஸில் இருப்பவர். இவர் அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்கிறார், அவர் இவரைக் கமிஷன் கேட்கிறவர் என்று நினைக்கிறார். லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிட்டது. டி65 என்கிற பகல் வெளிச்ச விளக்கில் இரண்டும் ஒன்று. டிஎல்84 என்கிற விளக்கைப் போட்டால், ஐரோப்பாவில் கடைகளுக்குள் இருக்கும் ட்யூப்லைட் மாதிரியான வெளிச்சம் அது, ரிப் மட்டும் தனியாகச் சிவக்கிறது. இரண்டு துணியிலும் சாயக் கலவை வேறு வேறு, ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். அவர் பட்டறை வாசலில் வெயிலில் பார்த்தார், இவர் ஆபீஸுக்குள் பார்த்தார். அதிலிருந்து ஷேடு அப்ரூவல் வாங்கும்போது எந்த விளக்கில் பார்த்தது என்பதையும் ஸ்வாட்ச் கார்டிலேயே எழுதி வாங்குகிறோம்.

எடையிலும் இதே கதை. பஞ்சுத் துணி காற்றிலிருக்கும் ஈரத்தை வாங்கும், காய்ந்த காற்றில் விட்டுவிடும். வர்த்தகக் கணக்கில் பருத்திக்கு 8.5 சதவீதம் ஈரம் என்று எடுத்துக்கொள்வார்கள், அதாவது முழுக்கக் காய்ந்த 100 கிலோ பஞ்சோடு எட்டரைக் கிலோ தண்ணீர் சேர்ந்திருப்பது சாதாரணம். ஐப்பசி மழையில் எடை போட்டு அனுப்பிய ரோல் ஒரு வெயில் காலத்துக் குடோனில் கிடந்துவிட்டு வந்தால் எடை குறையத்தான் செய்யும், இதற்கு மேல் சாயத்தில் பஞ்சின் மெழுகும் அழுக்கும் போவதால் ஆகிற பிராசஸ் லாஸ் தனி. ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்க்கும் கட்டர் 100 சதுர சென்டிமீட்டருக்கு வட்டமாக வெட்டும், அதை கிராமில் எடை போட்டு நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். ரோலின் ஓரத்தில் வெட்டினால் ஒன்று வரும், நடுவில் வெட்டினால் ஒன்று வரும், டிரையரிலிருந்து வந்த சூட்டோடு வெட்டினால் இன்னொன்று. "துணியத் திருடீட்டான்" என்று வாய் வருவதற்கு முன்னால், எங்கே, எப்போது, எந்தத் தராசில் என்று மூன்று கேள்வி கேட்பது எனக்குப் பல உறவுகளைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. அந்தத் தராசுக்கு அந்த வருடத்து முத்திரை இருக்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போட வேண்டும் என்பது சட்டம்.

இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். 3,000 பீஸ் ஆர்டருக்கு வழக்கமான ஏக்யூஎல் 2.5 (எத்தனை குறை வரை ஏற்கலாம் என்கிற அளவு) அட்டவணைப்படி 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள், அதில் ஏழு பீஸ் வரை பெரிய குறை இருந்தால் பாஸ், எட்டு என்றால் பெயில். பாஸ் ஆன சரக்கில் குறையே இல்லை என்று யாராவது சொன்னால் அவருக்கு அட்டவணை தெரியவில்லை என்று அர்த்தம்.

சத்தியம் வாங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பக்கம் சண்டை முற்றினால் "கோயில்ல வந்து சூடம் அணைச்சுச் சத்தியம் பண்றியா" என்று கேட்பார்கள். ஒரு கம்பெனியில், நான் வேலை செய்த இடம் இல்லை, அடிக்கடி போகிற இடம், குழந்தைகள் செட் பேக்கிங்கில் சில பீஸ் குறைந்துவிட்டது. சூப்பர்வைசர் பேக்கிங் செக்‌ஷனில் சாமி படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் சூடத்தை ஏற்றி வைத்து ஒவ்வொருவராக வந்து அணைக்கச் சொன்னார். எல்லோரும் அணைத்தார்கள், ஒரு பெண்ணைத் தவிர. எங்க அமுச்சி (அம்மாவின் அம்மா), உண்மையா இருந்தாலும் சாமி மேல சத்தியம் பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்குதுங்க, நான் எடுக்கலீங்க, ஆனா அணைக்க மாட்டேனுங்க என்று நின்றுவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா, எடுத்தது அவள்தான் என்று முடிவாகிவிட்டது.

பீஸ் கிடைத்த விதம்தான் வேடிக்கை. பேக்கிங் லிஸ்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் எடை எழுத வேண்டும். எல்லாப் பெட்டியிலும் ஒரே கணக்கு என்பதால் ஒன்றை மட்டும் எடை போட்டு மிச்சத்துக்கு அதே எண்ணை எழுதிவிடுவது எல்லா ஊரிலும் வழக்கம். அன்றைக்கு ஷிப்பிங் ஆபீஸிலிருந்து வந்த பையன் பொழுதுபோகாமல் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினான், இரண்டு பெட்டி கனமாக இருந்தது, பிரித்தால் உள்ளே கூடுதல் செட்டுகள். யாரும் எடுக்கவில்லை, எண்ணிக்கையில் தப்பு. அதாவது அந்த அறையில் எழுதப்பட்ட ஒரே பொய் பேக்கிங் லிஸ்டில் இருந்தது, சூடம் ஏற்றியதோ மனிதர்களுக்கு. சத்தியம் என்கிற சோதனையில் மாட்டுவது பெரும்பாலும் மனசாட்சிக்குப் பயப்படுகிறவர்கள்தான், எடுத்தவனுக்கு சூடம் ஒரு பொருட்டா? எண்ணக்கூடியது எதுவோ அதை முதலில் எண்ணிவிடுங்கள், மனிதர்களை அப்புறம் விசாரிக்கலாம். அந்தப் பெண்ணிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்று விசாரித்தேன். வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள் என்றார்கள்.

ஆடிட் விஷயம் இதைவிடச் சிக்கல். வெளிநாட்டு பையர்களுக்காக ஆடிட்டர்கள் வந்து வேலை நேரம், சம்பளம், வயது எல்லாம் பார்ப்பார்கள். சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் பார்த்தால் இரண்டு மடங்கு சம்பளம். ஊரில் நடைமுறை ஒன்றரை ஷிப்ட். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை இரண்டு ரெஜிஸ்டர் வைத்து நிரப்புகிற கம்பெனிகள் உண்டு, ஆடிட் வருவதற்கு முந்தின நாள் தையல் லைனில் ஒரு வகுப்பே நடக்கும், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று. ஒரு தடவை வந்த ஆடிட்டரம்மா வேலை நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தையல் அக்காக்களிடம் உட்கார்ந்து, நேற்று ராத்திரி என்ன சமையல், எத்தனை மணிக்கு அடுப்புப் பற்ற வைத்தீர்கள், பிள்ளை தூங்கிவிட்டானா முழித்திருந்தானா என்று பேசிக்கொண்டே இருந்தார். ஒன்பதரைக்கு மேல்தான் உலை வைத்தேன் என்று வரிசையாகச் சொல்லிவிட்டார்கள். பாடம் எடுத்தவர்களுக்குச் சமையல் கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுக்கத் தோன்றவில்லை. பாடமாகச் சொன்ன பதில்கள் எல்லாம் ஒரே வார்த்தையில் இருந்தன, நிஜமான பதில்கள் ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தன, அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இதை நான் ஒரு சாமர்த்தியக் கதையாகத்தான் பல பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்த லைனில் இருந்த ஒரு அக்காவைச் சந்தையில் பார்த்தேன். ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள், சனிக்கிழமை கைக்கு வருகிற சம்பளம் குறைந்துவிட்டது, சீட்டுக் கட்ட முடியவில்லை. "உண்மையச் சொன்னதும் நாங்க, கொறைஞ்சதும் எங்களுக்குத்தானுங் மேடம். கம்பெனிக்கு என்ன ஆச்சு சொல்லுங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. பீஸுக்கு இன்னும் அஞ்சு செண்ட் குறை, டெலிவரியை ஒரு வாரம் முன்னால் கொண்டு வா என்று மெயில் போடுகிற அதே பையர்தான் வேலை நேரத்தைப் பார்க்க ஆடிட்டரையும் அனுப்புகிறார், இரண்டு மெயிலும் என் வழியாகத்தான் போகும், எனக்குத் தெரியும். உண்மையைக் கேட்கிறவர் அதற்கான காசில் ஒரு பங்கையாவது கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும், வெறுங்கையோடு வந்து ஏழைகளிடம் உண்மை கேட்பது எனக்கு நேர்மையாகத் தெரியவில்லை. இப்போது என்னால் செய்ய முடிகிறது சின்ன விஷயம்தான். ஆர்டர் எடுக்கும்போதே, இந்தத் தேதிக்கு வேண்டும் என்றால் இத்தனை லைன் ஒன்றரை ஷிப்ட் ஓட வேண்டும், அது உங்கள் விதிக்கு ஒத்துவராது, தேதியைத் தள்ளுங்கள் அல்லது விலையைக் கூட்டுங்கள் என்று எழுதி அனுப்பிவிடுகிறேன். சிலர் தேதியைத் தள்ளியிருக்கிறார்கள். சிலர் ஆர்டரை வேறு இடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்து வெளியே வேறாக இருப்பதற்கு இந்த ஊரில் நொய்யலைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்குகிற இடமாகி, கீழே இருந்த விவசாயிகள் வருடக்கணக்கில் நடையாய் நடந்து, கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லித்தான் விஷயம் ஒரு முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னாலும் சுத்திகரிக்கிறோம் என்கிற பேச்சு இருந்துகொண்டுதான் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டுப் பக்கம் வருவோம். பெண் பார்க்கும் பேச்சில் பச்சைப் பொய் சொல்கிறவர்கள் இப்போது குறைவு, அரை உண்மைதான் அதிகம். என் சித்தப்பா மகளுக்கு ஒரு வரன் வந்தது, பல்லடம் பக்கம். பத்து ஏக்கர் தோட்டம், பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) பாசனம் என்றார் தரகர். பொய்யில்லை. ஆனால் பத்து ஏக்கரும் பெரியப்பா, சித்தப்பா பங்கு பிரிக்காத பூமி, பிஏபி தண்ணீர் நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுவது, அந்த முறை இல்லாத காலத்தில் ஆயிரம் அடி போர் தண்ணீர்தான். தரகரிடம் கோபித்துப் பயனில்லை, அவர் கேட்டதற்குப் பதில் சொன்னார். பட்டா, சிட்டாவை ஆன்லைனில் பார்த்தால் கூட்டுப் பட்டாவா தனிப் பட்டாவா என்று தெரிந்துவிடும், வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அடமானம் பதிந்திருக்கிறதா என்று தெரியும். பார்த்துவிட்டு நேராக மாப்பிள்ளை வீட்டிலேயே பேசினோம், அவர்களும் ஒளிக்காமல் சொன்னார்கள், கல்யாணம் நடந்தது. "வேற ஏதாச்சும் நாங்க கேக்காம விட்டது இருக்குதுங்களா?" என்று சித்தப்பா கடைசியாக ஒன்று கேட்டார் பாருங்கள், அந்தக் கேள்வியை நான் அப்படியே என் வேலையில் எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று, இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். எங்கள் பெரியப்பா சிவகிரிப் பக்கம் மஞ்சள் போடுகிறவர். ஐப்பசியில் வயிற்று வலி என்று கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார்கள், கணையத்தில் கட்டி, முற்றிய நிலை. வீட்டில் வழக்கம்போல எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள், அவருக்குச் சொல்ல வேண்டாம், அல்சர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று. பார்க்க வருகிற ஒறம்பரைக்கெல்லாம் வாசலிலேயே சொல்லிக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். யார் மேலும் தப்பில்லை, பாசம்தான். ஆனால் இதிலும் அந்தச் செலவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சொன்னால் அழப்போவது நாங்கள். சொல்லாவிட்டால் இழக்கப்போவது அவர். கைமாத்தாக யார் யாருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார், யாரிடம் வாங்கியிருக்கிறார், பங்காளியோடு வரப்புத் தகராறு எந்த அளவில் நிற்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஒரு டாக்டர் இதைச் செய்த விதத்தை நான் மறக்க மாட்டேன். ரிப்போர்ட்டை எடுத்துப் படிக்கவில்லை. பெரியப்பாவிடமே, "உங்க உடம்பைப் பத்தி உங்ககிட்டப் பேசட்டுங்களா, பையன்கிட்டப் பேசட்டுங்களா? உங்களுக்கு எந்த அளவுக்குத் தெரிஞ்சா போதும்?" என்று கேட்டார். பெரியப்பா கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வைத்தியத்தையெல்லாம் பையன்கிட்டயே பேசிக்குங்க சாமி. தை மாசம் மஞ்சள் வெட்டோணும், அதுக்கு நான் இருப்பனான்னு மட்டும் சொல்லீருங்க" என்றார். வெட்டுகிற வரைக்கும் இருக்கலாம், வேக வைத்துக் காயப்போட்டு விற்கிற வரைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவ்வளவுதான் பேச்சு. ஊருக்கு வந்ததும் பெரியப்பா ஒரு நோட்டு வாங்கி வரச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுத வைத்தார், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார், பங்காளியை வரச் சொல்லி சர்வேயரை வைத்து வரப்பை முடித்தார்.

பெரியப்பா மகன், எங்க அண்ணன், இன்றைக்கும் அந்த டாக்டர் மேல் கோபமாகத்தான் இருக்கிறார். "கணக்கெல்லாம் வந்துச்சு, சரி. அதுக்கப்புறம் அப்பன் ஒரு நாளாச்சும் சிரிச்சுப் பாத்தியா நீ?" என்று கேட்கிறார். நான் வாதாடுவதில்லை, பக்கத்தில் படுத்தவர் அவர்தான். ஆனால் எங்கள் வீட்டில் இதை யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருக்கும்போதே கேட்டு வைத்துவிடலாம் என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் எடுத்தேன். எங்க அம்மா எல்லாத்தையும் சொல்லீரு, ஒளிச்சு வெச்சீன்னா நான் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சுருவேன் என்றது. மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம் கண்ணு, நான் வெசனப்பட்டே போயிருவேன். நகை எங்க இருக்குதுன்னு வேணா இப்பவே சொல்லிப்புடறேன்" என்றார். அதில் நாலு பவுன் மூன்று வருடமாகப் பேங்கில் அடமானத்தில் இருக்கிறது என்பது மாமனாருக்கே அப்போதுதான் தெரியும்.